மஞ்சக்காவி ஒரு கைப்பிடி

விஸ்வநத்தத்துத் தெருவில் நிறத்துக்குப் பஞ்சமில்லை. பட்டாசு அட்டைப்பெட்டியின் ரத்தச் சிவப்பு, லேபிளில் மின்னும் தங்க மை, வெடிக்குச் சுற்றிய பச்சை, ரோஸ் காகிதங்கள், அச்சகத்து வாசலில் மூட்டையாகக் கிடக்கும் வெட்டுத்தாள் கழிவில் தெறிக்கும் நீலமும் மஜந்தாவும். சிவகாசியை ஒட்டிய இந்த ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் பகல் முழுக்க இந்த நிறங்களின் நடுவேதான் இருக்கிறார்கள். சாயங்காலம் நடையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழையும்போது கண்ணுக்கு முதலில் கிடைக்க வேண்டியது ஓய்வு. அதைச் சுவர்தான் தர முடியும். எல்லாச் சுவரும் தந்துவிடாது. வெளிர் சந்தனம், தந்தம், பிஸ்கட், கோதுமை என்று பெயிண்ட் கடை அட்டையில் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும் நாலைந்து கட்டங்களில் ஒன்று, இடம் பார்த்துப் பூசப்பட்டிருந்தால் தரும்.

‘எதுக்கு வம்புன்னு வெளிர் கலரா அடிச்சுட்டாங்க’ என்று இந்த நிறங்களைப் பற்றிச் சொல்வதுண்டு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நிறங்களிலேயே பிடிபடக் கடினமானது இதுதான். சிவப்பு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சிவப்பாகவே நிற்கும். சந்தனம் அப்படியல்ல. இம்மி தவறினாலும் ஒரு பக்கம் பச்சை தட்டும், இன்னொரு பக்கம் ரோஸ் ஏறும், மூன்றாவது பக்கம் அழுக்காகிவிடும். சிவகாசி அச்சகங்களில் மெஷின் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். வெள்ளைத் தாளில் மஞ்சள் பத்து விழுக்காடு, மஜந்தா மூன்று நான்கு விழுக்காடு புள்ளிகளாக விழுந்தால் தந்த நிறம் கிடைக்கும். மஜந்தா கூடினால் அது குழந்தை சோப்பு அட்டை நிறம். சியான் துளி கலந்துவிட்டால் நோயாளி முகம். அடர்ந்த நிறத்தில் கண் மன்னித்துவிடும் பிழையை வெளிர் நிறத்தில் மன்னிப்பதில்லை.

இந்த நிறத்தை நம் பக்கத்து ஆட்கள் பெயிண்ட் டப்பா வருவதற்கு வெகுகாலம் முன்பே கண்டுகொண்டார்கள். சுண்ணாம்பிலிருந்து. விருதுநகர் மாவட்டம் சுண்ணாம்புக் கல்லுக்குப் பேர்போனது. பந்தல்குடிப் பக்கம் தோண்டிய பெரும் பள்ளங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1960களின் தொடக்கத்தில் ராமசாமிராஜா நகரில் சிமெண்ட் ஆலை வந்ததே இந்தக் கல்லை நம்பித்தான். அதே கல்லைச் சூளையில் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டு, தண்ணீரில் நீற்றி, தொட்டியில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி எடுத்ததுதான் சுவருக்குப் போனது. பளீர் வெள்ளை வேண்டுமென்றால் அதில் நீலம் கரைப்பார்கள், வேட்டிக்குப் போடுகிற அதே நீலம். சுண்ணாம்புக்கு இயல்பாக உள்ள லேசான மஞ்சள் சாயலை அது அடித்துவிடும். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அது பொருந்தும். வீட்டுக்குள் நீலம் போட்ட சுண்ணாம்பு எனக்குப் பிடிக்காது. இந்தக் கரிசல் பூமியின் வெயிலில் அது கண்ணைக் கூச வைக்கும், மேகமூட்ட நாளில் சில்லென்று ஒட்டாமல் நிற்கும்.

நீலத்தை விட்டுவிட்டு ஒரு வாளி சுண்ணாம்புக்கு ஒரு கைப்பிடி மஞ்சக்காவி, இரண்டு விரலால் கிள்ளிய அளவு செங்காவி. இந்தக் கணக்குதான் அந்த நிறத்தின் தாய். காவியை முந்தின ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இல்லையென்றால் சுவரில் கோடு கோடாக இழுக்கும். மஞ்சள் சாயலுக்கு வீட்டு மஞ்சள்தூளைக் கலந்தால் என்ன என்று யாராவது கேட்டால், ஆரத்தித் தட்டை நினைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்புதான் வரும். சுண்ணாம்பின் காரத்துக்கு ஈடுகொடுப்பது மண் நிறமிகள்தான். மஞ்சக்காவி, செங்காவி இரண்டுமே இரும்பு ஆக்சைடுகள். அவை சுண்ணாம்பிலும் மங்காது, வெயிலிலும் வெளிறாது. இன்றைக்குக் கடையில் கணினி பொருத்திய மெஷின் வெள்ளை பேஸில் சொட்டுச் சொட்டாக விடும் சாயங்களிலும் இந்த வெதுவெதுப்பான நிறங்களுக்குப் பெரும்பாலும் அடிப்படை அதே இரும்பு ஆக்சைடுகள்தான், கூடவே ஒரு சொட்டுக் கறுப்பு.

சுண்ணாம்புச் சுவர் காய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? முதல் பூச்சு ஏறும்போது ஏமாற்றமாக இருக்கும். சாம்பல் கலந்த ஈரக்கறை, அடியில் பழைய சுவரின் திட்டுகள் அப்படியே தெரியும். நார் மட்டை போன தடம் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். அனுபவமில்லாத வீட்டுக்காரர் இந்த நேரத்தில்தான் ‘இன்னும் கெட்டியா கரைங்க’ என்று சத்தம் போடுவார். கெட்டியாகக் கரைத்தால் பொருக்குத் தட்டி உதிரும். பால் பதத்தில் மெல்லிய மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் சுவரை நனைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓரங்களிலிருந்து வெளுக்கத் தொடங்கும். ஈரம் பின்வாங்கப் பின்வாங்க நிறம் முன்னே வரும். மறுநாள் காலையில் அது வேறு சுவர். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு மறுபடியும் கல்லாக மாறத் தொடங்கியிருக்கும். நுண்ணிய படிகங்களாகக் கெட்டியான அந்த மேற்பரப்பு, விழுகிற வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே விட்டு அங்கிருந்து சிதறடித்து அனுப்புகிறது. அதனால்தான் நல்ல சுண்ணாம்புச் சுவரில் நிறம் மேலே ஒட்டவைத்தது போலத் தெரியாமல் சுவரின் உள்ளேயிருந்து வருகிறது. எந்த எமல்ஷனும் இதை இதுவரை முழுதாகத் தந்துவிடவில்லை.

மார்கழியில் வெள்ளையடிப்பதற்குப் பொங்கல் மட்டும் காரணமல்ல. இந்தக் கல்லாகும் வேலைக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுக்கும் சிவகாசியைத் தோதாக ஆக்கிய இதே வறண்ட காற்று சித்திரையில் சுண்ணாம்பைச் சட்டென்று உலர்த்தி மாவாக்கிவிடும். மார்கழிப் பனி அதை நிதானமாக இறுக விடுகிறது. கரிசல் மண் மழையில் ஊதி, கோடையில் சுருங்கி வெடிக்கும் மண் என்பதால் இங்கே ஜன்னல் மூலைகளில் முடிமுடியாகக் கீறல் விழாத வீடு அபூர்வம். வருஷத்துக்கொரு பூச்சு சுண்ணாம்பு அந்தக் கீறல்களுக்குள்ளும் இறங்கி அடைத்துவிடும்.

இந்த நிறம் மாளிகை ஏறியபோது எப்படி இருந்தது என்பதைப் பார்க்க மதுரைக்குப் போனால் போதும். 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலின் பெருந்தூண்களுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழப்பு ஏற்றினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அதே மரபு அறைச்சுவர் வரை வந்தது. அடுக்கடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சை மழுமழுவென்று தேய்த்து மெருகேற்றிய அந்தச் சுவர்களைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும், கண் மட்டும் போதாது. நம் பக்கத்திலேயே என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம். பதினொரு நிலை, 192 அடி. மதுரைக் கோபுரங்களின் பலவண்ணம் இல்லாமல் ஒரே வெளிர் நிறத்தில் நிற்கிறது. காலையில் பால், உச்சியில் வெள்ளை, மேற்கு மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குகிற நேரத்தில் தேன். ஒரே நிறம் பகல் முழுக்க எத்தனை நிறமாகும் என்று காட்ட இந்த வட்டாரத்தில் அதைவிடப் பெரிய அட்டை கிடையாது.

வீட்டுக்குள் அந்த மாற்றத்தை நடத்துவது நாலு பக்கத்து வெளிச்சம். மேற்கே ஜன்னல் உள்ள அறைக்கு மாலையில் தானாகவே பொன் ஏறும். அங்கே மஞ்சள் கூடிய சந்தனம் பூசினால் நாலு மணிக்கு மேல் அறை முழுக்க மாம்பழச்சாறு ஊற்றினது போல் ஆகிவிடும். சாம்பல் துளி கலந்த தந்தம்தான் அங்கே சரி. வடக்கு ஜன்னல் வழியாக வருவது பெரும்பாலும் நேர் வெயில் அல்ல, வானத்தின் நீலம். அந்த அறைதான் மஞ்சளையும் கொஞ்சம் செம்மையையும் தாங்கும், கேட்கவும் செய்யும். கடை அட்டையில் தபால்தலை அளவில் பார்த்த நிறம் நாலு சுவரிலும் ஏறும்போது ஒன்றின் வெளிச்சம் இன்னொன்றில் பட்டுப் பட்டு அடர்ந்துவிடும். ஆகவே மனசுக்குப் பிடித்த கட்டத்துக்கு ஒரு படி மேலே, வெளிறிய கட்டத்தை எடுப்பதுதான் முறை. பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் அது திருப்பித் தரும் வெளிச்சத்தை 0 முதல் 100 வரை ஒரு எண்ணாகக் குறிக்கிறார்கள். வெள்ளை 85ஐத் தாண்டும். இந்த ஊர் வெயிலுக்கு 65க்கும் 75க்கும் நடுவில் இருக்கிற சுவர்தான் இதமென்பது என் எண்ணம்.

தரையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பழைய வீடுகளின் சிவப்புச் சிமெண்ட் தரையில் காலை வெயில் விழும்போது சுவரின் கீழ்ப்பகுதி இரண்டடி உயரத்துக்கு ரோஸாகிவிடும். வெள்ளைத்தாள் ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக் கீழிருந்து மேலே நகர்த்திப் பாருங்கள், தாளிலும் அது தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் சுவருக்குச் செம்மை தேவையே இல்லை, தரையே கொடுத்துவிடுகிறது. பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் போட்ட புது வீட்டில் நிலைமை நேரெதிர். தரை மேல்நோக்கி வெள்ளை வெளிச்சத்தை அடிக்கும். சுவர் கொஞ்சம் அடர்த்தியாக, கோதுமைப் பக்கமாக நகர வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் கவிழ்த்துப் போடுவது ராத்திரி. நம் வீடுகளில் எரிவது பெரும்பாலும் 6500 கெல்வின் டியூப் லைட். அதன் நீலம் தூக்கலான வெளிச்சத்தில் பகலில் வெண்ணெயாக இருந்த சுவர் பச்சை தட்டிப்போகும். உள்ளூர் பெயிண்டர் ஒருவர் புது வீட்டுக்காரரிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்: “அண்ணாச்சி, இப்ப வெயில்ல பாத்துட்டு ஓகேன்னு சொல்லாதிய. ரெண்டடிக்கு ரெண்டடி அடிச்சு வச்சிருக்கேன். ராத்திரி சாப்பிட்டுட்டு லைட்டப் போட்டு ஒருக்காப் பாருங்க. நீங்க அந்தச் சுவரோட இருக்கப் போறது ராத்திரியிலதான்.” எந்த வடிவமைப்புப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. உலக அச்சுத் தொழில் தாளில் நிறம் சரிபார்க்க 5000 கெல்வின் வெளிச்சத்தை அளவுகோலாக வைத்திருக்கிறது. வெளிச்சம் மாறினால் நிறம் மாறும் என்பது அச்சகத்து ஆட்களுக்குப் பாலபாடம். அந்த ஞானம் வீட்டுக்கும் வர வேண்டும். அடுப்படிக்கு டியூப் லைட் இருக்கட்டும். கூடத்துக்கும் படுக்கை அறைக்கும் 3000 கெல்வின் பல்பு ஒன்று மாட்டினால் போதும், சந்தனம் சந்தனமாகத் தெரியும்.

தீபாவளி ராத்திரி ஒன்றில் வாசலில் புஸ்வாணம் எரியும்போது திறந்த கதவு வழியாகக் கூடத்துச் சுவரைக் கவனித்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். மருந்திலிருக்கும் கரியும் இரும்புத் துகளும் பழுக்கக் காய்ந்து சிந்தும் வெளிச்சம் அது. குத்துவிளக்குச் சுடருக்கும் பழைய குண்டு பல்புக்கும் உறவான வெளிச்சம். மத்தாப்பின் சிவப்போ பச்சையோ சுவரில் கறையாக விழுந்து போகும். புஸ்வாணத்தின் பொன் மட்டும் சந்தனச் சுவரோடு ஒன்றிப் போகும்.

சுவருக்கு இந்த ஊரில் இன்னொரு கடமையும் உண்டு. காலண்டரைத் தாங்குவது. அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் வெளிவந்து, மார்கழி முடிவதற்குள் தமிழ்நாட்டுச் சுவர்களில் எல்லாம் ஏறிவிடுகிறது. கோவில்பட்டியிலிருந்து வரைந்த கொண்டையராஜுவின் (1898–1976) முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சில் வீடு வீடாகப் போனபோது அவர்களுக்குப் பின்னணியாக இருந்தது காவி கலந்த சுண்ணாம்புச் சுவர்தான். அந்தச் சிவப்பும் மயில்நீலமும் இவ்வளவு நிறைவாகத் தெரிந்ததில் சுவருக்கும் பங்குண்டு.

அதற்குக் காரணம் சொன்னவர் பாரிஸ் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரல். சாயம் சரியில்லை என்று வந்த புகார்களை ஆராயப் போனவர், குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டு 1839இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு நிறம் தன் எதிர்நிறத்தின் சாயலைப் பக்கத்தில் இருப்பதன் மேல் படரவிடும். பெரிய சிவப்புக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளை லேசாகப் பச்சையாகத் தெரியும். நீலம் போட்ட சுண்ணாம்பில் தொங்கும் சிவப்பு காலண்டர் கண்ணைக் குத்துவது இதனால்தான். சுவரில் முன்கூட்டியே ஒரு துளி செம்மையும் மஞ்சளும் இருந்தால் அந்தப் பச்சையை அது விழுங்கிவிடுகிறது. இரண்டு விரலால் கிள்ளிப் போட்ட செங்காவிக்கு வேலை இதுதான். செவ்ரலைப் படிக்காமலே சுண்ணாம்பு கரைத்தவர்கள் அந்த அளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

சுண்ணாம்பே இன்றைக்கும் எல்லோருக்கும் சாத்தியமா என்றால் இல்லை. சாய்ந்தால் ஒட்டும், ஆண்டுதோறும் ஆள் வேண்டும், கரைக்கத் தெரிந்த கைகளும் குறைந்து வருகின்றன. எமல்ஷனிலும் நல்ல சுவர் வரும். பழைய சுண்ணாம்பை முழுதாகச் சுரண்டாமல் அதன் மேல் பட்டி பார்த்தால் இரண்டு வருஷத்தில் தகடு தகடாகக் கழன்று விழும். அதனால் சுரண்டுகிற கூலியில் பேரம் பேசக் கூடாது. பட்டிக்கு மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பார்க்க வேண்டும். மேடு பள்ளம் அத்தனையும் நிழலாக எழுந்து நிற்கும். வெளிர் நிறம் இவற்றை மறைக்காது.

மினுமினுப்பு எவ்வளவு என்பதை இங்கே வீட்டில் இருப்பவர்களின் தொழில்தான் முடிவு செய்கிறது. பட்டாசு ஆலையின் மருந்து ரூமில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர் கையைத் தேய்த்துக் கழுவினாலும் அலுமினியப் பொடி ரேகைகளுக்குள் தங்கிவிடும். அப்படிப்பட்ட வீடுகளில் ஸ்விட்ச் போர்டைச் சுற்றிப் பாருங்கள். விரல் படும் உயரத்தில் வெள்ளி கலந்த சாம்பல் வட்டம், கதவு நிலை ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னொன்று, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாய்கிற இடத்தில் தோள் அளவில் ஒரு நிழல். மினுக்கமே இல்லாத மேட் பெயிண்டில் இதைத் துடைத்தால் துடைத்த இடம் தனித் திட்டாகும். லேசான மினுமினுப்புள்ள, கழுவத் தோதான பூச்சுதான் இங்கே பொருத்தம். முழுப் பளபளப்பு வேண்டாம். அது டியூப் லைட்டை அப்படியே காட்டும், சுவரின் நிறம் செத்துவிடும். சாம்பல் துளி கலந்த தந்தமும் கோதுமையும் இந்த விரல்தடங்களையும் கரிசல் புழுதியையும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்கின்றன. உழைக்கிற வீட்டுக்கு அது பெரிய உபகாரம். வாரம் ஒருமுறை சுவர் துடைக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது.

சில ஆண்டுகளாகப் புது வீடுகளில் குளிர்ந்த சாம்பல் நிறம் பரவி வருகிறது. வெளிச்சம் குறைந்த குளிர்நாட்டு அறைகளில் மரத்தரையோடும் மஞ்சள் விளக்கோடும் அது அழகாக இருக்கலாம். இங்கே டியூப் லைட்டின் கீழ் அது பூச்சு வேலை பாதியில் நின்ற சிமெண்ட் சுவர்தான். மூன்று சுவர் வெளிர், ஒரு சுவர் மட்டும் ஊதா என்ற வழக்கத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன். அந்த ஒரு சுவருக்கு முன்னால் காலண்டரும் தோற்கும், கல்யாண போட்டோவும் தோற்கும்.

மேல்தளத்தை மறக்க வேண்டாம். சுவர் சந்தனமாக இருந்து மேலே பளீர் வெள்ளையாக இருந்தால் சேருமிடத்தில் கத்தியால் வெட்டினது போல ஒரு கோடு விழும், அறை பெட்டியாகிவிடும். சுவருக்குக் கலந்த அதே சாயத்தை நாலில் ஒரு பங்கு மட்டும் வெள்ளையில் கலந்து மேலே அடிக்கச் சொல்லுங்கள். கோடு இளகிவிடும், உயரமும் கூடித் தெரியும். கதவு, ஜன்னல் நிலைகளுக்கு மரத்தின் நிறமே போதும். வார்னிஷ் மட்டும். இரும்பு ஜன்னலாக இருந்தால் அடர் பழுப்பு எனாமல். சுவரின் அடியில் ஓடும் பார்டருக்குச் செங்காவி, நாலு விரற்கடை. துடைப்பத் தடத்தை அது மறைக்கும்.

வேலை முடிந்த அன்றே செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கும். ஷேட் எண்ணையும், எந்த பேஸ், எத்தனை லிட்டர் என்பதையும் மெயின் போர்டுக் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவிடுங்கள். மிச்சம் அரை லிட்டரைக் காற்றுப் புகாமல் மூடி பரணில் ஏற்றுங்கள். ஆணி பிடுங்கிய ஓட்டையை அடைத்து அந்த இடத்தை மட்டும் தொட்டுவிட அதே டப்பாதான் வேண்டும். புதிதாகக் கலந்து வாங்கினால் ஒரு சொட்டு மாறும், அந்த ஒரு சொட்டு சந்தனத்தில் தெரியும்.